தாய்சேய் நல ஆய்வுக்கு நம் பிள்ளைகள் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வுகளான எஸ்பிஎம், எஸ்டிபிஎம் ஆகியவற்றின் முடிவுகள் வெளிவரும் காலத்தில் தங்கள் நாளிதழ் மேற்படிப்பு வழிகாட்டிக்கெனப் பக்கங்களைத் தாராளமாக ஒதுக்கி வருவதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நம் சமூகத்துப் பெற்றோர் பலர் அப்பக்கங்களை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம், கணக்கியல் என்று வரிசையாக வரும் அப்பட்டியலில், நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்து ஓய்வுபெற்ற தொழில் ஒரு வரியாகக்கூட இடம்பெற்றதில்லை. பொதுச் சுகாதார ஆய்வு, அதிலும் கர்ப்பிணிகள், பச்சை உடம்புக்காரிகள், கைக்குழந்தைகள் ஆகியோரின் நலத்தைக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நேரில் சென்று ஆராயும் பணி, நம் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான ஒன்று. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கத்தினால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பின் பட்டணத்துப் பள்ளிக்குப் பேருந்தில் போய், செவிலியர் பயிற்சி முடித்து அரசாங்கப் பணியில் சேர்ந்தேன். 1990களின் தொடக்கத்தில், தோட்டங்களில் கர்ப்பிணிகளின் நலம் குறித்த ஓர் ஆய்வுக்குத் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது, சில வாரங்களுக்கு மட்டும் என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார்கள். அந்தச் சில வாரங்களில் நடந்த ஒன்றுதான் என் வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

பால்வெட்டு முடிந்து பெண்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்பிய ஒரு பிற்பகல் அது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் வாசல் படியில் அமர்ந்திருந்தார். கேள்வித்தாள் மலாய் மொழியில் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. உடன் வந்த உதவியாளருக்குப் பேச்சுத் தமிழ் ஓரளவு தெரியும். கடந்த இரு வாரங்களில் உடம்புக்கு ஏதேனும் தொல்லை உண்டா என்று கேட்டதற்கு அந்தப் பெண், "கண்ணக் கட்டிக்கிட்டு வருதுங்க மிஸ்ஸி, பொடனியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றார். மிஸ்ஸி என்றால் தாதி; பதில் என்னை நோக்கிச் சொல்லப்பட்டது. ஆனால் எழுதியவர்கள் அந்த இருவர்தாம். பக்கத்தில் நின்ற நான் தாளை எட்டிப் பார்த்தபோது அதில் 'சாக்கிட் மாத்தா', அதாவது கண்வலி, என்று இரண்டே சொற்கள் இருந்தன. பிடரியில் தெறித்த வலி தாளுக்கு வரவேயில்லை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பார்வை மங்குவதும் தலை தெறிப்பதும் இரத்த அழுத்தம் ஏறியதற்கும் வலிப்பு வரப்போவதற்கும் அடையாளமாக இருக்கக்கூடும் என்பது எந்தத் தாதிக்கும் தெரிந்த பாடம். பையிலிருந்து கருவியை எடுத்து அழுத்தம் பார்த்தேன். 160க்கு 110 இருந்தது. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. தோட்டத்து வேனில் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினார்கள்.

அன்றிரவு, அதற்கு முன் நிரப்பப்பட்ட தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வேறு சில பெண்களின் பெயருக்கு எதிரேயும் அதே இரண்டு சொற்கள் இருந்தன. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியிருந்தது, கேட்டோம். அந்த இளைஞர் மீதோ உதவியாளர் மீதோ நான் குறை காணவில்லை. இருவரும் நேர்மையாக உழைத்தவர்கள். ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொல்லை அவள் சொன்ன பொருளிலேயே கேட்டு எழுத ஆள் இல்லாவிட்டால், பிறகு எத்தனை பெரிய கணினியில் போட்டு எப்படிக் கணக்கிட்டாலும் அந்தப் பிழை உள்ளேயே இருக்கும் என்பதை அன்று நான் கண்ணால் கண்டேன். பின்னர்ப் பகுதிநேரமாகப் பட்டம் பெற்று, பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து, ஆய்வுத் துறையிலேயே தங்கிவிட்டேன்.

தாய்மார் நலத்தில் இந்நாடு அடைந்த முன்னேற்றம் உலகம் மதிக்கும் ஒன்று. 1950ஆம் ஆண்டையொட்டி மலாயாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அது முப்பதுக்கும் கீழே வந்துவிட்டது. இலங்கையையும் மலேசியாவையும் முன்மாதிரிகளாக எடுத்துக்கொண்டு, இவ்விரு நாடுகளும் பெருஞ்செலவின்றி இதை எப்படிச் செய்தன என்று 2003ஆம் ஆண்டில் உலக வங்கி தனி ஆய்வே வெளியிட்டது. இந்த வெற்றிக்கு அடித்தளம் கிராமச் சுகாதாரத் திட்டம். ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார மையம், அதன்கீழ் நான்கு துணை மையங்கள், அவற்றின்கீழ் இருபது மருத்துவச்சி நிலையங்கள் என்ற கணக்கில், மருத்துவச்சி கிராமத்திலேயே குடியிருந்து பிரசவம் பார்க்கும்படி அத்திட்டம் வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்த மூன்றடுக்கு முறை இரண்டடுக்காக மாற்றப்பட்டு, இன்று நாம் காணும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற சுகாதார நிலையங்களும் கிளினிக் டேசா என்ற கிராம நிலையங்களும் உருவாயின.

அந்த அழகான கட்டமைப்பு தோட்டத்து எல்லையில் வந்து நின்றுவிட்டது என்பதையும் நம் இளையோர் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டங்கள் தனியார் நிலம். தொழிலாளரின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பு என்பது காலனிய காலத்துத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து வந்த ஏற்பாடு. எனவே கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பெண்ணுக்கு அரசாங்க மருத்துவச்சி கிடைத்த காலத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த நம் பாட்டிமாருக்குத் தோட்டத்து டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரும், அனுபவத்தால் கைதேர்ந்த மருத்துவச்சிக் கிழவியும், வேலைக்குப் போகையில் பிள்ளையை விட்டுச்செல்ல ஆயாக் கொட்டகையும்தான் இருந்தன. நல்ல டிரஸ்ஸர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நன்றியோடு சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் இருந்தவர் நள்ளிரவிலும் கதவைத் திறப்பார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பதிவுசெய்து முறைப்படுத்தியது. ஆயினும் ஒரு தோட்டத்துக்கும் மற்றொரு தோட்டத்துக்கும் இருந்த வேறுபாடு மிகப் பெரிது. தோட்டத்துத் தாய்மார்கள் எப்படிப் பெற்றார்கள், எதனால் இறந்தார்கள் என்பதைப் பற்றி அவர்களுடைய மொழியிலேயே கேட்டு எழுதிவைத்தவர்கள் மிகச் சிலர்.

ஆய்வு என்றால் வெள்ளை அங்கியும் சோதனைக் குழாயும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இத்துறையின் பெரும்பகுதி நடந்து போய்ப் பேசுவதும், பேசியதைப் பிழையின்றி எண்ணுவதுமாகும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் வாழ்க்கையை இதற்குச் சொல்லலாம். 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த அவர், நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த கடும் இரத்தசோகைக்குக் காரணம் தேடினார். கிருமி ஏதேனும் இருக்கிறதா என்று தேடியதோடு நில்லாமல், அந்தப் பெண்கள் என்ன சமைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து, உணவில் குறை இருக்கும் இடத்தில்தான் நோய் கடுமையாக இருக்கிறது என்று கண்டார். நம் நீலகிரியிலுள்ள குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இருந்தும் அவர் பணியாற்றினார். இறுதியில் அவர் கையில் கிடைத்த மருந்து, இன்று மலேசியக் கடைகளில் நாம் எல்லாரும் பார்க்கும் மார்மைட்தான். ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் அந்தக் கரும்பசையைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள் என்பதை 1931ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அதில் இருந்தது என்ன என்பது பத்தாண்டு கழித்து, கீரையிலிருந்து ஃபோலிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு தெளிவாயிற்று. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தவறாமல் கொடுக்கப்படும் அந்தச் சிறு மாத்திரைக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு. நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு புத்துணர்ச்சி வரும்.

நம் நாட்டுத் தாய்மார்களின் பங்கும் இதில் உண்டு. பிரசவ வலி தொடங்கியது முதல் தாயின் நிலையை மணிக்கு மணி ஒரே தாளில் கோடிட்டுக் காட்டும் பார்ட்டோகிராஃப் வரைபடம் பயன் தருகிறதா என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று நாடுகளின் மருத்துவமனைகளில் 35,484 பெண்களைக் கொண்டு ஆராய்ந்தது. அதன் பிறகு உலகெங்கும் பிரசவ அறைகளில் அத்தாள் நிலைபெற்றது.

இப்பணியின் கடினமான பகுதியையும் மறைக்கக் கூடாது. 1991ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பும் இரகசிய விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த விசாரணை யாரையும் தண்டிப்பதற்கானதன்று. இறந்தவர், பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் நீக்கப்பட்ட கோப்பை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் என்ன செய்திருந்தால் இந்த உயிர் தங்கியிருக்கும் என்று மட்டும் கேட்பார்கள். மூன்று தாமதங்கள் என்று எங்கள் துறையில் சொல்வோம். மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டார் முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் ஒன்று, போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம் இன்னொன்று, சேர்ந்த பின் உரிய கவனிப்புக் கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மற்றொன்று. முதல் தாமதத்தை அறிய வேண்டுமானால் மனைவியை இழந்த கணவரின் முன்னும் மகளை இழந்த தாயின் முன்னும் போய் அமரத்தான் வேண்டும். அப்படி அமர்ந்த வீடுகளில் பேனாவை முதல் அரைமணி நேரம் நான் வெளியில் எடுத்ததில்லை. "விடிஞ்சதும் போகலாம்னு இருந்தோம்மா" என்று ஒரு மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதைக் கோப்பில் 'முடிவெடுப்பதில் தாமதம்' என்று எழுதவேண்டும். எழுதத்தான் செய்தேன், ஆனால் அந்த வீட்டில் ஏன் விடியும் வரை காத்திருந்தார்கள், இரவில் வண்டிக்கு யாரிடம் கேட்க வேண்டியிருந்தது, அதற்குக் கொடுக்கப் பணம் இருந்ததா என்பதையும் சேர்த்தே எழுதினேன். நம் பெண்களை நம்மவரே விசாரித்தால் அந்தக் கேள்விகள் தாமாகவே வரும்.

இன்னொன்றையும் இதே கோணத்தில் சொல்லவேண்டும். நம் வழக்கப்படி ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். புகுந்த வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் அவள் வரவில்லை என்றதும் டிஃபால்டர் என்று குறித்துவிடுகிறார்கள். அவளோ மாநிலம் தாண்டி பாகான் செராயிலோ சுங்கை பட்டாணியிலோ தாய்வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் தன் புத்தகத்தோடு ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இந்தியப் பெண்கள் பரிசோதனைக்குத் தவறுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் அட்டவணை காட்டப்பட்டபோது, அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனதில் எங்களுக்குத் தெரியவந்தது இது. அட்டவணை தயாரித்தவர்களுக்கு வளைகாப்பு என்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல அந்த அறையில் யாரும் இருந்ததில்லை.

முன்னேற்றம் அடைந்துவிட்டோமே, இனி ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். கோவிட் பெருந்தொற்றின்போது, 2021ஆம் ஆண்டில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இருபத்தைந்தையொட்டி இருந்த தாய் இறப்பு விகிதம் ஒரே ஆண்டில் 68.2க்கு ஏறியதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். பூர்வகுடிப் பெண்கள், சபா சரவாக் உட்பகுதியினர், ஆவணமில்லாத புலம்பெயர்ந்த தாய்மார் ஆகியோரின் நிலை நாட்டுச் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது. நம்மவர் நிலையும் மாறியிருக்கிறது. செபராங் பிறையில் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாற, லயத்திலிருந்த குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. அங்கே டிரஸ்ஸரும் இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை, பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்துக்கொடுக்கும் பக்கத்து வீட்டு அத்தையும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுகிறார். கர்ப்பகாலச் சர்க்கரைநோய் நம் பெண்களைத் துரத்துகிறது. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வெளியே தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு தாய்சேய் நலத்தை மையமாக எடுத்துக்கொண்டபோது இந்த மனச்சோர்வு 4.4 விழுக்காடு என்று கணக்கிட்டது. அதற்குப் பயன்படும் எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள் உண்டு. எதையும் வேடிக்கையாகப் பார்த்துச் சிரிக்க முடிகிறதா என்பது அவற்றுள் முதலாவது. அதை அப்படியே தமிழில் கேட்டால் நம் பெண்கள், "சிரிப்புக்கு என்னங்க குறைச்சல்" என்று விருந்தாளிக்குச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுத் தேநீர் கலக்க எழுந்துவிடுவார்கள். வேறுவிதமாக, வேறு நேரத்தில், மாமியார் கடைக்குப் போயிருக்கும்போது கேட்கவேண்டும். இதைத் தெரிந்து கேட்பவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த விழுக்காட்டை நான் நம்புவேன்.

எங்கே படிப்பது என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பொதுச் சுகாதார முதுகலை உண்டு. மருத்துவர்கள் அதற்கு மேலும் பயின்று இத்துறை நிபுணர்களாகலாம். மருத்துவர் ஆகாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. தாதியர், உணவியல் படித்தவர், புள்ளியியல் படித்தவர், சமூகவியல் படித்தவர் எல்லாரும் என்னோடு வேலை செய்திருக்கிறார்கள்; புள்ளியியல் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் குழுவும் கதவைத் திறக்கும். சிலாங்கூர் செத்தியா ஆலாமில் சுகாதார அமைச்சின் ஆய்வுக் கழகங்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் கிடைக்கும் ஆய்வு உதவியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானது, நிதி முடிந்தால் வேலையும் முடியும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. தனியார் கிளினிக் வைத்தவர்களைப் போல இதில் பணம் சேராது. "டாக்டருக்குப் படிச்சிட்டு வீடு வீடா ஏறி இறங்குறியா" என்று உறவினர் கேட்பார்கள். என்னோடு வேலை செய்த இளம் மருத்துவர் ஒருவரின் தாயார் என்னிடமே வந்து வருந்தியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, மகள் எழுதிய பரிந்துரை ஒன்று கிளினிக் நடைமுறையாக மாறியபோது, அதே தாயார் அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அடுத்த ஆண்டு கல்விப் பக்கத்தில் இத்துறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இதில் இப்போது பணியாற்றும் நம் இளையோரைப் பேசவையுங்கள். அடுத்தது, ஆய்வுக் குழுக்கள் வீடுகளுக்கு வரும் காலங்களில் அதைப் பற்றித் தமிழில் செய்தி வெளியிடுங்கள். ஒப்புதல் படிவத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல், எதற்கு வம்பு என்று கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தங்கள் நாளிதழில் முதல்நாள் படித்திருந்தால் அவர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பார்கள்.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கண்வலி என்று எழுதப்பட்ட அந்த நாளிலிருந்து, நம் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லக் கேட்ட சொற்களைத் தோட்டத்தின் பெயர் போடாமல் அதில் குறித்து வந்தேன். கண்ணைக் கட்டுது, நெஞ்சு படபடங்குது, அடிவயிறு இழுக்குது, உடம்பு ஊதிப்போச்சு, தீட்டு நிக்கல, பால் கட்டிக்கிச்சு, மனசு ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருக்கு என்று அது நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதன் பின்னால் என்ன இருக்கக்கூடும், அடுத்து எதைக் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஓரங்கள் கிழிந்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருக்கிறது. இத்துறைக்கு வர எண்ணும் மாணவர் யாரேனும் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாய்சேய் நல ஆய்வாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.